கூட்டம் கலைந்த பிறகு கடலோரம்: இலையுதிர் காலத்தில் தெற்கு ஐரோப்பா, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செப்டம்பரில் பள்ளிக்கூடம் திறந்த மறுவாரமே என் போனுக்கு இந்தக் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். நாங்கள் மியூனிக்கில் 11 வருடமாக இருக்கிறோம். கோடை விடுமுறை முழுக்க ஊருக்குப் போய் வரவே சரியாகிவிடும், ஐரோப்பாவில் சுற்ற எங்களுக்கு மிஞ்சுவது இலையுதிர் கால விடுமுறைதான். ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு தெற்குக் கடலோர ஊருக்குப் போய்வந்துவிடுவதால் நண்பர்கள், நண்பர்களின் தங்கைகள், சூரிச்சில் இருக்கும் தெரிந்தவர்கள் என்று எல்லோரும் என்னிடமே கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்வியைப் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, இலையுதிர் காலம்னா செப்டம்பரா, அக்டோபரா, நவம்பரா? எப்ப போனா ஆஃப் சீசன்?

மூன்றும்தான், ஆனால் மூன்றும் ஒன்றில்லை. செப்டம்பர் பாதியிலிருந்து அக்டோபர் பாதிவரை தெற்கில் இன்னும் கோடையின் வால் பகுதி, கூட்டம் குறைந்திருக்கும், விலை கொஞ்சம்தான் குறைந்திருக்கும். அக்டோபர் இரண்டாம் பாதிதான் எனக்குப் பிடித்தது: பகலில் அரைக்கைச் சட்டை போதும், கடை எல்லாம் திறந்திருக்கும். நவம்பர் என்பது வேறு பயணம், அதற்கு வேறு ஊர் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு தேதியை மனத்தில் வையுங்கள், அக்டோபரின் கடைசி ஞாயிறு. அன்றுதான் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிறார்கள், அன்றுதான் விமானங்களின் குளிர்கால அட்டவணையும் தொடங்குகிறது. சின்னக் கடலோர விமான நிலையங்களுக்கு நேராகப் போகும் விமானங்கள் பல அதோடு நின்றுவிடும். முந்தின வாரம் இரண்டு மணி நேரத்தில் போன இடத்துக்கு அடுத்த வாரம் ஒரு இடத்தில் மாறி ஏழு மணி நேரம் போக வேண்டிவரும். ஊரை முடிவு செய்வதற்கு முன்னால் உங்கள் தேதி அந்த ஞாயிறுக்கு முன்னா பின்னா என்று பாருங்கள்.

நாங்கள் சூரிச்சில இருக்கிறம், பிள்ளையளுக்கு ஒக்டோபரில ரெண்டு கிழமை லீவு. கடலில குளிக்கலாமோ, சும்மா பாத்துப்போட்டு வாறதோ?

குளிக்கலாம். நிலம் சீக்கிரம் சூடாகிச் சீக்கிரம் ஆறும், கடல் மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறும். ஆகஸ்டில் ஏறிய சூடு அக்டோபரிலும் தண்ணீரில் மிச்சம் இருக்கும். அக்டோபர் சராசரி ஏறத்தாழ இப்படி: சைப்ரஸில் 25, மால்டா, கிரீட் பக்கம் 24, சிசிலி, வலென்சியாவில் 22-23, மலகாவில் 20-21, லிஸ்பனை ஒட்டிய அட்லாண்டிக்கில் 19 டிகிரி. ஜூன் தொடக்கத்தில் குளிப்பதைவிட அக்டோபர் நடுவில் மத்தியதரைக் கடல் பல இடங்களில் இதமாகவே இருக்கும்.

ஆனால் நாம் 28 டிகிரி வங்காள விரிகுடாவில் கால் நனைத்து வளர்ந்தவர்கள். 21 டிகிரி என்றால் ஜெர்மன்காரர்கள் சந்தோஷமாக நீந்துவார்கள், நம் பெரியவர்கள் முழங்காலோடு திரும்பிவிடுவார்கள். குழந்தைகளுக்கு மெல்லிய நீச்சல் உடுப்பு, கைநீளம் உள்ளது, ஒன்று வாங்கிக்கொண்டு போனால் அரை மணி நேரம் கூடுதலாக விளையாடுவார்கள். குளிப்பதுதான் முக்கியம் என்றால் தெற்கே போங்கள், கிழக்கே போங்கள். வாரம் ஆக ஆக இன்னும் தெற்கே, இன்னும் கிழக்கே.

அப்போ நேரா ஒரு பீச் ரிசார்ட்டையே போட்டுடலாமே, நகரம் எதுக்கு?

நாங்களும் ஒரு தடவை அப்படித்தான் செய்தோம். நவம்பர் முதல் வாரம், ஒரு சின்ன கிரேக்கத் தீவு, கோடையில் கொடுப்பதில் மூன்றில் ஒரு பங்கு வாடகை. போய் இறங்கினால் கடற்கரைத் தெருவில் திறந்திருந்தது ஒரு பேக்கரியும் ஒரு மருந்துக்கடையும். பேருந்து ஒரு நாளைக்கு இரண்டு முறை. மூன்றாம் நாள் காற்று தூக்கி அடித்தது, கடல்பக்கமே போக முடியவில்லை, அறையில் உட்கார்ந்து சீட்டு விளையாடினோம். நான்காம் நாள் கப்பலும் இல்லை. ஊர்க்காரர்கள் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆறு மாதம் ராப்பகலாக உழைத்துவிட்டுக் கடையைப் பூட்டிவிட்டு ஏதென்ஸில் இருக்கும் பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். நாங்கள்தான் தவறான நேரத்தில் போயிருந்தோம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே விதி. சுற்றுலாக்காரர்கள் போன பிறகும் யாருக்காக ஒரு ஊர் திறந்திருக்கும் என்று பார்ப்போம். காய்கறிச் சந்தை, கல்லூரி, ஆஸ்பத்திரி, துறைமுகம், மாலையில் நடக்க வரும் பாட்டிகள், இதெல்லாம் இருக்கிற ஊராக இருக்க வேண்டும். அங்கே தங்கி, வெயில் அடிக்கிற நாளில் உள்ளூர் ரயிலிலோ டிராமிலோ கடலுக்குப் போக வேண்டும். மழை வந்தால் அருங்காட்சியகமும் சந்தையும் இருக்கும், கடல் கிடைத்தால் அது கூடுதல் லாபம். ஆஃப் சீசனில் கடலை மட்டும் நம்பிப் போனால் வானிலையிடம் முழுப் பணத்தையும் கொடுத்த மாதிரி.

சரி, நகரமும் கடலும் சேர்ந்து கிடைக்கிற ஊர் எதெல்லாம்? பேரைச் சொல்லுங்க.

ஸ்பெயினில் மலகா. விமான நிலையத்திலிருந்து புறநகர் ரயிலில் கால் மணி நேரத்தில் ஊருக்குள் வந்துவிடலாம், பழைய நகரத்திலிருந்து மலகெத்தா கடற்கரை நடக்கிற தூரம், அதே ரயில் எதிர்ப்பக்கம் டொரெமோலினோஸ், ஃபுவென்ஹிரோலா கடற்கரைகளுக்குப் போகிறது. பிக்காசோ 1881-ல் பிறந்த ஊர், அவர் பெயரில் நல்ல அருங்காட்சியகம் இருக்கிறது, மேலே ஏறினால் முஸ்லிம் ஆட்சிக்காலத்துக் கோட்டை. வலென்சியாவில் டிராமிலேயே மால்வரோசா மணலுக்குப் போய்விடலாம். செவில் கடலோரம் இல்லை, ஆனால் அங்கிருந்து காடிஸுக்கு ரயிலில் ஒன்றே முக்கால் மணி நேரம்தான். காடிஸ் மூன்று பக்கமும் அட்லாண்டிக் சூழ்ந்த பழைய நகரம், எந்தத் தெருவில் நடந்தாலும் கடைசியில் கடல் வந்து நிற்கும்.

இத்தாலியில் பலெர்மோ, பாரி, நேப்பிள்ஸ். பலெர்மோவிலிருந்து மொண்டெல்லோ கடற்கரைக்கு நகரப் பேருந்து, செஃபலுவுக்கு ஒரு மணி நேர ரயில். செஃபலுவில் 1131-ல் கட்டத் தொடங்கிய நார்மன் தேவாலயத்துக்குக் கீழேயே மணற்கரை. பாரியிலிருந்து பொலிஞ்ஞானோ, மொனோபொலி இரண்டுக்கும் அரை மணி சொச்சத்தில் ரயில், இன்னொரு நாள் குகைவீடுகளின் மத்தேரா. நேப்பிள்ஸில் எரிமலை வெடிப்பில் புதைந்த பழைய ரோம ஊர்களான பொம்பெயும் ஹெர்குலேனியமும் உள்ளூர் ரயில் தூரம். வெயிலே இல்லாமல் அந்தக் கல்தெருக்களில் நடப்பது ஜூலையில் போனவர்களுக்குக் கிடைக்காத சுகம்.

கிரீஸில் ஏதென்ஸ். நாடாளுமன்றத்துக்கு எதிரேயே டிராம் ஏறி கிளிஃபாடா பக்கம் கடலோரமாகப் போகலாம். தெசலோனிகி சாப்பாட்டுக்கும் நடைக்கும் அருமையான ஊர், 2024 நவம்பர் கடைசியில் மெட்ரோவும் வந்துவிட்டது, ஆனால் ஊருக்குள் இருக்கும் கடல் குளிப்பதற்கானது இல்லை. லிஸ்பனிலிருந்து காஷ்காய்ஷுக்குக் கடலை ஒட்டியே 40 நிமிட ரயில். குரோவேஷியாவில் ஸ்ப்ளிட், ரோம சக்கரவர்த்தியின் அரண்மனைக்குள்ளேயே மக்கள் குடியிருக்கிற ஊர். அங்கிருந்து பிராச் தீவுக்கு வருடம் முழுக்கக் கப்பல் உண்டு.

இவ்வளவு பேர் சொன்னா குழம்புது. ஒரே ஒரு ஊர் சொல்லுங்க, புக் பண்ணிடறேன்.

அக்டோபர் என்றால் பலெர்மோ, நவம்பர் என்றால் மலகா. பலெர்மோவில் அக்டோபரில் கடல் இன்னும் இதமாக இருக்கும், பல்லாரோ சந்தையில் காலையில் ஒரு மணி நேரம் நின்றால் நம் ஊர் மார்க்கெட் சத்தம் காதில் விழும். மலகாவுக்குப் பின்னால் மலை இருப்பதால் வடக்கிலிருந்து வரும் குளிர் அவ்வளவாக எட்டாது, நவம்பரிலும் பகலில் 19-20 டிகிரி இருக்கும்.

நவம்பர்ல எல்லா இடத்துலயும் மழை கொட்டுமாமே, நிஜமா?

எல்லா இடத்திலும் இல்லை. மத்தியதரைக் கடல் பகுதியில் கோடை வறண்டிருக்கும், மழை இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும்தான். ஆனால் எந்தப் பக்கம் பார்த்த கரை என்பதைப் பொறுத்து அளவு மாறும். தென்மேற்குப் பருவமழை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் கம்பத்தையும் கோவையையும் வெறும் காற்றோடு விட்டுவிடும் இல்லையா, அதே கணக்குதான் அங்கேயும். மழை மேகம் பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும், மேற்கே பார்த்த மலையடிவாரங்கள் நனையும்.

அதனால் கிரீஸின் மேற்குக் கரையில் இருக்கும் கோர்ஃபு தீவில் வருடத்துக்கு 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, மலைக்குக் கிழக்கே இருக்கும் ஏதென்ஸில் ஏறத்தாழ 400 தான். போர்த்தோவில் 1,200 அளவில், ஸ்பெயினின் தென்கிழக்கு மூலையில் அல்மேரியாவில் 200 அளவில். துப்ரோவ்னிக், போர்த்தோ, ஜெனோவா, நேப்பிள்ஸ் நான்கும் நவம்பரில் நன்றாக நனைகிற ஊர்கள், அவற்றை அக்டோபர் தொடக்கத்திலேயே முடித்துவிடுங்கள். நவம்பருக்கு அலிகாந்தே, அல்மேரியா, மலகா, ஏதென்ஸ். மழை என்றாலும் ஐப்பசி அடைமழை மாதிரி நாள்கணக்கில் பெய்வது அபூர்வம், இரண்டு மணி நேரம் கொட்டிவிட்டு வெயில் அடிக்கும்.

2024-ல வலென்சியாவுல அவ்வளவு பெரிய வெள்ளம் வந்துச்சே, அக்டோபர் கடைசில அங்க குழந்தைகளோட போறது சரியா?

2024 அக்டோபர் 29 அன்று நடந்தது பெரிய துயரம், 220-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காரணம் மேலே கடல் சூட்டைப் பற்றிச் சொன்னதோடு சேர்ந்ததுதான்: கோடையின் சூடு கடலில் மிச்சம் இருக்கும்போது மேலே குளிர்காற்றுச் சுழல் ஒன்று தனியாகப் பிரிந்து வந்து நின்றால், ஒரு வருட மழை சில மணி நேரத்தில் இறங்கிவிடும். ஸ்பெயினில் அதை 'தானா' (DANA) என்கிறார்கள், பழைய பெயர் கோத்தா ஃப்ரியா. செப்டம்பர் முதல் நவம்பர் வரை கிழக்குக் கரைக்கு இந்த ஆபத்து உண்டு.

போகக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் தெரிந்துகொண்டு போக வேண்டும். அன்று மிக மோசமாக அடிபட்டது வலென்சியாவுக்குத் தெற்கே இருக்கும் பைபோர்ட்டா போன்ற புறநகர்கள். நகரின் நடுப்பகுதி தப்பியதற்குக் காரணம், 1957 வெள்ளத்துக்குப் பிறகு துரியா ஆற்றையே ஊருக்கு வெளியே புது வாய்க்கால் வெட்டித் திருப்பிவிட்டிருந்தார்கள். பழைய ஆற்றுப்படுகைதான் இன்று குழந்தைகள் விளையாடும் நீளமான பூங்கா. அதனால் தங்குவதானால் நகருக்குள், தரைத்தளம் வேண்டாம். ஸ்பெயின் வானிலைத் துறை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை தரும், தினமும் காலையில் பாருங்கள். சிவப்பு என்றால் அன்று எங்கும் போகாதீர்கள். வறண்ட ஓடை போலத் தெரியும் பாதையில் காரை இறக்காதீர்கள், காரை எடுக்கிறேன் என்று நிலத்தடி கராஜுக்கு இறங்கவே கூடாது. அன்று பல பேர் அங்கேதான் உயிரை விட்டார்கள். அவசர எண் 112.

அஞ்சு மணிக்கே இருட்டிடும்னு சொல்றாங்க. அப்புறம் என்ன பார்க்கிறது?

நியாயமான கவலை. கடிகாரம் மாறும் அந்த அக்டோபர் கடைசி ஞாயிறுக்குப் பிறகு பலெர்மோவில் ஐந்தே கால் மணிக்குள் சூரியன் மறையும், ஏதென்ஸில் ஐந்தரை, லிஸ்பனில் ஐந்தே முக்காலுக்கு முன். ஆனால் மலகாவிலும் செவிலிலும் ஆறு இருபது. ஸ்பெயின் மேற்கே தள்ளி இருந்தாலும் ஜெர்மனியின் நேரத்தையே வைத்திருப்பதால் காலை வெளிச்சம் தாமதமாக வந்து மாலையில் ஒரு மணி நேரம் கூடுதலாக நிற்கிறது. நவம்பருக்கு மலகாவைச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம், குழந்தைகள் காலையில் சீக்கிரம் எழுந்து வெளியே வந்தால்தானே.

இன்னொன்று, தொல்லியல் இடங்கள் குளிர்கால நேரத்துக்கு மாறிச் சீக்கிரம் மூடிவிடும். வெளியில் பார்ப்பதை எல்லாம் முற்பகலில் வைத்துக்கொண்டு, உள்ளே பார்ப்பதை மாலைக்குத் தள்ளுங்கள். இத்தாலியில் மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்கள் இலவசம். கிரீஸில் நவம்பர் முதல் மார்ச் வரை முதல் ஞாயிறு தொல்லியல் இடங்கள் இலவசம், அக்டோபர் 28 தேசிய நாளிலும் இலவசம்.

அப்போ தீவுக்கே போகக் கூடாதுங்கறீங்களா?

அப்படி இல்லை, அதே விதியைத் தீவுக்கும் போடுங்கள். சிசிலி, கிரீட், மால்டா, சைப்ரஸ், மயோர்க்கா எல்லாம் தீவுகள்தான், ஆனால் பலெர்மோ, ஹெராக்லியோன், கானியா, வலெட்டா, பால்மா எல்லாம் முழு நகரங்கள், நவம்பரிலும் பேருந்து ஓடும். சின்னத் தீவே வேண்டும் என்றால் சைக்லடிஸ் தீவுகளுக்குத் தலைநகரான சீரோஸ் இருக்கிறது, அரசு அலுவலகங்கள் அங்கே இருப்பதால் ஊர் தூங்காது. நேப்பிள்ஸிலிருந்து ப்ரோசிடாவுக்கு விரைவுப் படகில் போய் அன்றே திரும்பலாம். சாந்தோரினியும் மைக்கோனோஸும் அக்டோபர் பாதிவரை நன்றாக இருக்கும், மாதம் முடிய முடிய ஒவ்வொரு கடையாக ஷட்டர் இறங்கும்.

கிரீஸில் காற்று பலமானால் கப்பல் புறப்படுவதையே தடை செய்துவிடுவார்கள், யாரிடம் கெஞ்சியும் பயனில்லை. திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு கட்டாயம் பெருநிலத்தில் இருங்கள்.

ஆஃப் சீசன்னு பேர்தான், நான் பார்த்தப்ப விலை குறையவே இல்லையே?

தேதியைச் சொல்லுங்கள், காரணத்தைச் சொல்கிறேன். அக்டோபர் கடைசி வாரம் இங்கிலாந்துப் பள்ளிகளுக்கு அரைப்பருவ விடுமுறை, அதே சமயம் பிரான்ஸில் இரண்டு வாரம் விடுமுறை, நவம்பர் 1 புனிதர்கள் நாள் ஸ்பெயின், போர்ச்சுகல், இத்தாலி, பிரான்ஸ் நான்கிலும் அரசு விடுமுறை, மியூனிக் இருக்கும் எங்கள் பவேரியா மாநிலத்துக்கும் விடுமுறை அதை ஒட்டித்தான். அந்த ஒரு வாரம் மட்டும் சின்னச் சீசன். அக்டோபர் 12 ஸ்பெயினின் தேசிய நாள், அது வெள்ளியிலோ திங்களிலோ விழுந்தால் ஸ்பெயின்காரர்களே தங்கள் கடலோரத்தை நிரப்பிவிடுவார்கள்.

ஊர்த் திருவிழாவும் மாநாடும் தனிக்கணக்கு. லிஸ்பனில் நவம்பரில் வெப் சம்மிட் நடக்கும் நாட்களில் ஹோட்டல் விலையைப் பார்த்தால் ஆகஸ்டே பரவாயில்லை என்று தோன்றும். ஏதென்ஸ் மாரத்தானும் நவம்பரில்தான். ஒரே ஊரில் ஒரு வாரம் முன், ஒரு வாரம் பின் என்று விலையைப் போட்டுப் பாருங்கள், நடுவில் மட்டும் மலையாக நின்றால் ஏதோ விசேஷம் இருக்கிறது. விடுமுறை உங்கள் கையில் இருந்தால் நவம்பர் இரண்டாம் வாரத்துக்கு மேல்தான் உண்மையான மலிவு.

வெனிஸ் போகணும்னு ஆசை. அந்த நேரத்துல ஊரே தண்ணில இருக்குமா?

அக்வா ஆல்டா என்கிற உயர்நீர் அக்டோபரிலிருந்து ஜனவரிவரைதான் அதிகம். 2019 நவம்பர் 12 அன்று 187 செண்டிமீட்டர் ஏறி ஊரையே நனைத்தது. 2020 அக்டோபரிலிருந்து மோசே என்கிற கடல்கதவுகளைத் தூக்கித் தடுக்கிறார்கள், அதன் பிறகு அந்த அளவு அனுபவம் இல்லை. ஆனால் குறைவான நீருக்குக் கதவைத் தூக்க மாட்டார்கள், ஊரிலேயே தாழ்வான சான் மார்க்கோ சதுக்கத்தில் கணுக்கால் தண்ணீர் வரலாம். சில மணி நேரத்தில் வடிந்துவிடும். பகல்நேரப் பயணிகளிடம் வாங்கும் நுழைவுக் கட்டணம் இதுவரை வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும்தான் வைத்திருக்கிறார்கள். நவம்பர் மூடுபனியில் வெனிஸ் பார்க்க வேண்டிய ஊர், ஆனால் கடலில் குளிக்கும் ஆசையோடு அதைச் சேர்க்காதீர்கள்.

ஊர்லேருந்து அம்மா அப்பா வர்றாங்க, ரெண்டு பேருக்கும் எழுபது. படி ஏற முடியாது. எங்க கூட்டிட்டுப் போகலாம்?

லிஸ்பனும் போர்த்தோவும் வேண்டாம். இரண்டும் மேடும் பள்ளமுமான ஊர்கள், நடைபாதையில் பதித்திருக்கும் சின்ன வழவழப்பான கற்கள் மழையில் வழுக்கும். வலென்சியா, செவில், காடிஸ், பாரி, மலகாவின் நடுப்பகுதி எல்லாம் சமதளம், உட்கார நிறைய பெஞ்சு இருக்கும்.

யாரும் கேட்காத, ஆனால் கேட்க வேண்டிய விஷயம் ஹீட்டிங். தெற்கில் வீடுகள் கோடைக்காகக் கட்டியவை, தரையெல்லாம் டைல்ஸ், நவம்பர் இரவில் வெளியே 12 டிகிரி என்றால் உள்ளே அதைவிடக் குளிர்வது போல் இருக்கும். இத்தாலியில் கட்டடத்தின் பொது ஹீட்டிங்கை எந்தத் தேதியிலிருந்து போடலாம் என்று விதியே உண்டு: வழக்கமாக நேப்பிள்ஸில் நவம்பர் 15, பலெர்மோவில் டிசம்பர் 1. அதனால் வீடு எடுக்கும்போது சூடும் தரும் ஏசி எல்லா அறையிலும் இருக்கிறதா என்று எழுதிக் கேட்டுப் பதில் வாங்குங்கள், லிஃப்ட் உண்டா என்பதையும் அதோடு. அப்பாவுக்கு ஒரு கம்பளிச் சாக்ஸ் எடுத்து வையுங்கள், காலையில் டைல்ஸில் கால் வைக்கும்போது புரியும்.

நாங்க சைவம். அந்தப் பக்கம் எல்லாம் மீனும் பன்றியும்தானே?

இலையுதிர் காலம் சைவத்துக்கு நல்ல காலம். பலெர்மோ தெருவில் பனெல்லே என்று விற்பார்கள், கடலை மாவில் செய்து பொரித்தது, பஜ்ஜிக்குப் பக்கத்து வீடு. ஜெனோவாவில் ஃபரினாட்டா, நீஸில் சோக்கா, இரண்டும் கடலை மாவு தோசை மாதிரி அடுப்பில் சுட்டது. பாரி பக்கம் பாக்லா மொச்சை மசியலும் சிக்கரிக் கீரையும், சிசிலியில் கத்திரிக்காய் போட்ட பாஸ்தா, செவிலில் கீரையும் கொண்டைக்கடலையும். கிரீஸில் நவம்பர் 15 முதல் கிறிஸ்துமஸ் வரை ஆர்த்தடாக்ஸ் நோன்பு, நிஸ்திசிமா என்று கேட்டால் இறைச்சி, பால், முட்டை இல்லாத உணவு என்று புரிந்துகொள்வார்கள். மீனும் கணவாயும் மட்டும் அதில் வரலாம், அதைத் தனியாகச் சொல்லுங்கள். ஸ்பெயின், போர்ச்சுகலில் பருப்பு, பயறு என்று பெயர் இருந்தாலும் உள்ளே பன்றித் தொத்திறைச்சித் துண்டு கிடக்கும், கேட்டுவிட்டே வாங்குங்கள்.

நவம்பர் 11-ஐ ஒட்டிப் போர்ச்சுகலில் இருந்தால் சுட்ட கஷ்கொட்டை வாங்கிச் சாப்பிடாமல் வராதீர்கள். அது அவர்களுடைய புனித மார்ட்டின் நாள். அந்தச் சமயத்தில் சில நாள் வெயில் திரும்பி வருவதை மார்ட்டின் கோடை என்றே சொல்கிறார்கள்.

கடற்கரைல கூட்டமே இல்ல, நிம்மதியா பசங்களை விட்டுடலாம்ல?

தயவுசெய்து விடாதீர்கள். கூட்டம் போகும்போது உயிர்காப்பாளர்களும் போய்விடுவார்கள். ஸ்பெயின், போர்ச்சுகல் கரைகள் பலவற்றில் செப்டம்பர் கடைசி அல்லது அக்டோபர் பாதியோடு கண்காணிப்பு முடிந்துவிடும். எச்சரிக்கைக் கொடி ஏற்ற ஆள் இல்லாத கரையில் கொடி இல்லை என்பதற்குப் பாதுகாப்பு என்று அர்த்தம் இல்லை. முக்கியமாக போர்ச்சுகலின் அட்லாண்டிக் கரை இந்த மாதங்களில் வேறு முகம் காட்டும். நசாரேவில் 2020 அக்டோபர் 29 அன்று ஒருவர் சறுக்கிய அலையின் உயரம் 26.21 மீட்டர், உலக சாதனை. அந்த அலைகளைக் கோட்டை மேலிருந்து பார்க்கப் போகலாம், அருமையான காட்சி, ஆனால் அந்தக் கரையில் ஈர மணலில்கூடக் குழந்தையை நிறுத்தாதீர்கள். குளிக்க வளைகுடாக்களுக்குள் ஒதுங்கிய கரைகளைத் தேடுங்கள்: மொண்டெல்லோ, செஃபலு, காடிஸின் லா கலேட்டா.

லண்டன்ல இருக்கற தம்பியும் வரேங்கறான், இந்தியன் பாஸ்போர்ட். பிரச்சனை வருமா?

ஜெர்மனி, சுவிஸ் போன்ற ஷெங்கன் நாட்டுக் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) குடியிருப்பு அட்டை இருக்கிற நமக்கு மற்ற ஷெங்கன் நாடுகளுக்கு விசா வேண்டாம், எந்த 180 நாளிலும் அதிகபட்சம் 90 நாள் தங்கலாம் என்பது கணக்கு. பிரிட்டன் அட்டை அதற்கு உதவாது, தம்பி ஷெங்கன் விசா எடுக்க வேண்டும். ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்னால். கட்டணம் 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ. கோடையில் நேரம் கிடைப்பது கஷ்டம் என்பதால் அவனை ஜூலையிலேயே கிளப்பிவிடுங்கள். குரோவேஷியா 2023 ஜனவரியிலிருந்து ஷெங்கன், சைப்ரஸ் இன்னும் இல்லை, அங்கே போவதானால் குடியிருப்பு அட்டை இருப்பவர்களும் விதியைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கார் எடுக்கணுமா?

மேலே சொன்ன எந்த ஊருக்கும் வேண்டாம். இத்தாலிய ஊர்களின் பழைய பகுதிக்குள் வெளியார் வண்டி நுழைந்தால் கேமரா படம் எடுத்து மாதங்கள் கழித்து அபராதம் வீட்டுக்கு வரும்.

ஒரே பயணத்துல ரெண்டு ஊர் பார்க்கலாமா? பசங்களுக்குப் போரடிக்காம இருக்கணும்.

ஒரு வாரத்துக்கு இரண்டு ஊர் சரி, மூன்று வேண்டாம். ஒரு ஊரில் இறங்கி இன்னொன்றிலிருந்து ஏறுகிற மாதிரி டிக்கெட் போடுங்கள். செவிலில் நாலு நாள், காடிஸில் மூன்று நாள். அல்லது ஏதென்ஸில் நாலு நாள், இரவுக் கப்பலில் கிரீட். காற்று விஷயம் மேலே சொன்னதை மறக்காதீர்கள், கப்பலை முதலில் வைத்து விமானத்தைக் கிரீட்டிலிருந்தே போடுங்கள்.

எங்கள் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது நேப்பிள்ஸ் - பலெர்மோ. இரவுக் கப்பலும் உண்டு, ஆனால் நாங்கள் ரயிலில் போனோம். மெசினா நீரிணைக்கு இந்தப் பக்கம் ரயிலைத் துண்டு துண்டாகப் பிரித்து, தண்டவாளம் போட்ட கப்பலின் வயிற்றுக்குள் தள்ளி, அந்தப் பக்கம் சிசிலியில் மறுபடி கோத்து ஓட்டுகிறார்கள். இறங்கி மாடிக்குப் போய்க் கடலையும் பார்க்கலாம். அந்த முறை என் அப்பாவும் உடன் வந்திருந்தார். போட் மெயிலில் தனுஷ்கோடிவரை போய், அங்கே இறங்கி மூட்டை முடிச்சோடு கப்பல் ஏறித் தலைமன்னாரில் மறுபடி வேறு ரயில் பிடித்த கதையை அவருடைய அப்பா சொல்லக் கேட்டு வளர்ந்தவர். 1964 புயலோடு அந்தப் பாதையே போய்விட்டது. கப்பலுக்குள் பெட்டி உருண்டு ஏறும் சத்தம் கேட்டதும் பேரனை எழுப்பி ஜன்னல் பக்கம் உட்கார வைத்துக்கொண்டு, அக்கரை வரும்வரை அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார்.